கள்ளப்பூவுக்குச் சுண்ணாம்பு

கோட்டைப்பட்டினத்தில் வத்தை என்கிற பாய்மரப் படகு வைத்திருந்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காத நாளிலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். வத்தையைக் கரையேற்றிக் கவிழ்த்தால், அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் அய்யாக்கண்ணுதான் சுரண்ட வேண்டும். வேறு ஆள் சுரண்டினால் பலகையும் சேர்ந்து வரும். அய்யாக்கண்ணு சுரண்டினால் பலகை தச்சன் கையிலிருந்து அப்போதுதான் இறங்கிய மாதிரி இருக்கும். இது அறுபத்திரண்டாம் வருஷத்து நிலவரம். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயசு இருக்கலாம். சரியான கணக்கு அவரிடமே கிடையாது.

அவர் எதையும் லேசில் நம்ப மாட்டார். தராசை நம்ப மாட்டார், மீமிசல் பஸ் நேரத்தை நம்ப மாட்டார், மழை வரும் என்று சொல்லும் ரேடியோவை நம்பவே மாட்டார். தன் கையையும் அதிலிருக்கும் சுரண்டியையும் மட்டும் நம்பினார். அந்த நம்பிக்கைக்குத்தான் அந்த வருஷம் சோதனை வந்தது. அதுவும் கடலில் வரவில்லை, ஒரு வீட்டுக்குள்ளே வந்தது.

வீடு சேக் அலாவுதீனுடையது. கயிறும் தாரும் விற்கிற கடைக்காரர், இளவட்டத்தில் கொழும்பில் இருந்துவிட்டு வந்தவர். அவர் மனைவி ஜன்னத் பீவி மாசி மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்த எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத பெண் அவள். படுத்தபடியே வீட்டிலிருந்த எல்லோரையும் விரட்டினாள். கடைக்கு ஆள் அனுப்பிக் கணவரையும் விரட்டினாள். பத்தாம் நாள் அலாவுதீன் ஒரு முடிவுக்கு வந்தார். கொழும்பில் ஒரு துரை வீட்டில் பார்த்த கண்ணாடித் தொட்டியைப் போல ஒன்று செய்து, கடல் தண்ணீரை நிரப்பி, அவள் கட்டிலுக்கு எதிரே வைத்துவிடுவது. பார்த்துக்கொண்டு கிடந்தால் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

இரும்புச் சட்டத்தைக் கொல்லன் அடித்தான். கண்ணாடி புதுக்கோட்டையிலிருந்து வைக்கோல் சுற்றி லாரியில் வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்க அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். வத்தைக்கு அடைப்பது போலவே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சை வைத்து இடுக்கில் திணித்தார்.

"வத்தைக்குள்ள தண்ணி வராம அடைக்கிறதுதான் எந்தொழிலு. தண்ணி வெளிய போகாம அடைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான் தம்பி," என்றார். தொட்டி ஒழுகாது, ஆனால் உள்ளே போடுகிறது ஒன்றும் பிழைக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

பிழைத்தது. சங்கு குளிக்கிறவர்களிடம் சொல்லிவைத்து மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து பவளப்பாறைத் துண்டுகள் நாலும் ஒரு கடல்தாமரையும் வந்தன. தாமரை என்று பேர்தான், அது செடியில்லை, உயிர். சோற்றுத்தட்டு அகலத்துக்கு விரிந்து, மேலெல்லாம் குட்டை விரல்களாக ஆடிக்கொண்டிருக்கும். வேறு மீன் மோதினால் விஷம் கொட்டிச் சுட்டு, பிடித்துத் தின்றுவிடும். ஒரு சோடி மீனுக்கு மட்டும் அது மெத்தை. கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப்பட்டை, மஞ்சள் வால். நாள் முழுக்க அந்த விரல்களுக்குள் புகுந்து புரண்டுகொண்டிருக்கும்.

கரையோரத் தண்ணீர் சேறு. அதனால் நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழத்தில் வத்தைக்காரர்கள் மொண்டு வந்த தண்ணீரைப் பொன்னுத்தாய் என்கிற மீன்காரி தினமும் இரண்டு குடம் கொண்டுவந்து மாற்றினாள். காற்றுக்கு ஒரு பழைய லாரி ட்யூப். அலாவுதீன் கடைக்குப் போகும் முன் சைக்கிள் பம்பால் அதை அடித்து நிரப்புவார். மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அது தொட்டிக்குள் குமிழி விட்டபடி சாயங்காலம் வரை தாங்கும். ஜன்னத் பீவி வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். வீடு அமைதியானது. அலாவுதீன் தன் புத்தியை மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் பாறையில் நகக்கண் அளவில் ஒரு பழுப்புப் பூ தெரிந்தது. மெல்லிய காம்பு, உச்சியில் மயிர் மாதிரி விரல்கள். கடல்தாமரையின் ஏழைச் சொந்தம் மாதிரி இருந்தது. இதுவும் அழகுதானே என்று விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஒன்று பதினெட்டானது. அவை தாமரையின் ஓரத்தைச் சுற்றிவளைத்துச் சுட்டன. பெரிய தாமரை ஒரு பக்கம் சுருங்கி, சோற்றுத்தட்டு அகலத்திலிருந்து கிண்ணம் அகலத்துக்கு வந்துவிட்டது. இடம் போதாமல் சோடி மீன் இரண்டும் வெளியே ஒண்டிக்கொண்டு நின்றன. ஜன்னத் பீவி அதற்குக் கள்ளப்பூ என்று பேர் வைத்து, உடனே அய்யாக்கண்ணுவைக் கூட்டிவரச் சொன்னாள்.

அவர் சுரண்டியோடு வந்தபோது செபமாலையும் கூடவே வந்தார். இரண்டு பெரிய வத்தைகளுக்குச் சொந்தக்காரர், கயிறு வாங்கக் கடைக்கு வந்தவர், வேடிக்கை பார்க்க வீட்டுக்குள் வந்துவிட்டார். அய்யாக்கண்ணு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இதற்கா ஆள் விட்டீர்கள் என்றார். செபமாலை சும்மா இருக்காமல், இது உயிருள்ள சாமானாச்சே, உம்ம சுரண்டிக்கு அடங்குமா என்று கிளறினார்.

அய்யாக்கண்ணுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆத்தாவுக்குப் பத்தை அவுக்குற அன்னைக்கி இதுல ஒரு பூ இருந்துச்சுன்னா, நான் சுரண்டியக் கடல்ல வீசிட்டு வீட்டுல குந்திக்கிறேன். அதுக்கப்புறம் எந்த வத்தையிலயும் கை வைக்க மாட்டேன். போயி எல்லார்ட்டயும் சொல்லு."

செபமாலை போய் எல்லாரிடமும் சொன்னார்.

சுரண்டல் அரைமணி நேரத்தில் முடிந்தது. முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பதினெட்டுக் கள்ளப்பூவையும் பாறையோடு வழித்தெடுத்தார். கலங்கிய தண்ணீர் தெளிந்ததும் பாறை வழுவழு என்று இருந்தது. ஜன்னத் பீவி கையெடுத்துக் கும்பிடாத குறை.

பத்து நாள் கழித்துப் பொன்னுத்தாய் வந்து அவரைக் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. போய்ப் பார்த்தார். பாறையில், மணலில், கண்ணாடியில், ரப்பர் குழாயில்கூட கள்ளப்பூ. எண்ணிப் பார்க்க ஆரம்பித்து நூற்றுப்பத்தில் நிறுத்திவிட்டார்.

ஜன்னத் பீவி படுத்தபடியே எல்லாவற்றையும் கவனித்திருந்தாள். நடந்ததை அவளே விளக்கினாள். அவர் வழித்தபோது ஒவ்வொரு பூவும் துண்டு துண்டாகப் பிய்ந்தது. கடுகளவு துண்டு விழுந்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் அதற்கு விரல் முளைத்தது. சிப்பியைச் சுரண்டினால் செத்துப்போகும், இது பிள்ளை பெறுகிறது.

"நீங்க களையெடுக்கலண்ணே, நாத்து நட்டுட்டுப் போயிருக்கீங்க," என்றாள்.

அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். சேதி அவருக்கு முன்னால் கரைக்குப் போய்விட்டது. மறுநாள் செபமாலையின் பெரிய வத்தையைக் கரையேற்றுகிற நாள். கரையேற்றவில்லை. விசாரித்தபோது செபமாலை வெகு பணிவாகச் சொன்னார்: "இல்லண்ணே, ஒரு சிப்பிய எடுத்தா ஒம்பது சிப்பி முளைக்குதாம். எனக்கு இருக்குற சிப்பி போதும்." கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சாடையாகச் சொன்னார்கள். பத்தை அவிழ்க்க இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அய்யாக்கண்ணு அலாவுதீன் வீட்டுக்குப் போய்ப் பாறைகளைத் தூக்கி வெயிலில் காயப்போட்டுவிடலாம் என்றார். ஜன்னத் பீவி முடியாது என்றாள். தாமரையின் கால் பெரிய பாறையைக் கவ்வியிருக்கிறது, பாறை காய்ந்தால் அதுவும் காயும், மீன்கள் எங்கே போகும் என்று கேட்டாள். உங்க சபதத்துக்கு என் சோடியைக் காவு கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் இரண்டு நாள் வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்குச் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது.

வத்தையைச் சுரண்டி முடித்ததும் அடிப்பலகைக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். பூசினால் ஆறு மாதத்துக்குப் புதுச் சிப்பி ஏறாது. கடலுக்கே பொருந்துகிற மருந்து தொட்டிக்குப் பொருந்தாதா? எண்ணெய் மீனுக்கு ஆகாது என்று அதை மட்டும் விட்டுவிட்டார். அந்த மட்டுக்குத் தன்னை ஜாக்கிரதைக்காரன் என்று நினைத்துக்கொண்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு தகர டப்பா நிறையக் குழைத்துக்கொண்டு போய், ஜன்னத் பீவி கண்ணயர்ந்த மத்தியானத்தில், பாறை முழுக்க அப்பினார்.

நாலு நிமிஷத்தில் தொட்டி பால்குடமாகிவிட்டது. தாமரை இருந்த இடம் தெரியவில்லை. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஜன்னத் பீவி கண் விழித்தாள். எழுந்து ஓடிவர முடியாது, அந்தக் கோபத்தையும் சேர்த்து வாயில் காட்டினாள். "பொன்னுத்தாயி, மாட்டுத்தொட்டியக் கழுவு. அண்ணே, அந்த டப்பாவக் கீழ வைங்க. மொதல்ல மீனு, அப்பறம் பாறை. பாறையத் தூக்கயில தாமரை கால நசுக்கிராதீங்க." பொன்னுத்தாய் அப்போதுதான் கொண்டுவந்து இறக்கியிருந்த இரண்டு குடமும் மாட்டுக்கு வைக்கிற மண்தொட்டிக்குள் போயின. அய்யாக்கண்ணு கூடையால் மீன்களை அள்ளினார். பாறையைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோனார்.

அலாவுதீன் வந்து பார்த்தபோது மீன் இரண்டும் மாட்டுத்தொட்டியில் சாணி வாசனைக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தன. தாமரை பந்து போலச் சுருண்டு கிடந்தது. மறுநாள் காலை அது மெல்ல விரல் நீட்டியபோதுதான் அய்யாக்கண்ணு ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

தொட்டியைக் கழுவிப் புதுத்தண்ணீர் விட்டுப் பாறையைத் திரும்ப வைத்தார்கள். ஜன்னத் பீவி ஒரு கையில் தலையைத் தாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அத்தனை கூத்துக்குப் பிறகும் கள்ளப்பூக்கள் பொந்துக்குள் சுருங்கி இருந்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தன. ஆனால் ஏழு இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. கரைந்து, வெறும் சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுருங்குவதற்கு முன்னால் சுண்ணாம்பு வாய்க்குள் போன பூக்கள் அவை என்று அவளுக்குப் பட்டது.

அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு, தடவினாள். அப்படியே கை நின்றது.

"அண்ணே, நீங்க வெத்தலைக்கு எம்புட்டுச் சுண்ணாம்பு தடவுவீங்க?"

"வாய் வேகாத அளவுக்கு."

"டப்பாவோடயா எடுத்து அப்புவீங்க?"

அவள் சொல்லச் சொல்ல அவருக்கும் விளங்கியது. தொட்டால் சுருங்குகிற பூ, தீனி விழுந்தால் வாயைத் திறக்கிறது. முதலில் இறால் துணுக்கு ஒன்றை அதன் மேல் விட வேண்டும். விரல்களெல்லாம் மடங்கி வாய்க்குத் தள்ளும்போது, ஈர்க்கு நுனியில் ஒரு வெற்றிலைக்கான சுண்ணாம்பை எடுத்து அந்த வாய்க்குள்ளேயே வைக்க வேண்டும். முதலில் பாக்கு, அப்புறம் சுண்ணாம்பு. ஒரு நாளைக்கு எத்தனை என்பதற்கும் அவளிடம் அளவு இருந்தது. தான் ஒரு நாளைக்குப் போடுவது ஆறு வெற்றிலை, அவ்வளவுதான் தொட்டிக்கும் என்றாள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்கு வாய் வெந்துவிடும்.

ஒரு பெண் கட்டிலில் கிடந்தபடி தனக்குச் சுண்ணாம்பு அளவு சொல்லிக்கொடுக்கிறாளே என்று அய்யாக்கண்ணுவுக்கு உள்ளே குமைந்தது. நம்பவும் இல்லை. நம்பாமலேதான் முதல் பூவுக்கு விருந்து வைத்தார். இறாலை அது ஆவலாக வாங்கிக்கொண்டது. ஈர்க்கை நீட்டினார். பூ சுண்ணாம்பையும் விழுங்கியது, ஒரு முறை உடம்பைக் குறுக்கியது, மறுநாள் காலையில் இல்லை. பக்கத்தில் குட்டியும் முளைக்கவில்லை. அவர் ஈர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். காலையில் மூன்று, அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் மூன்று. நடுவில் பொன்னுத்தாய் தண்ணீர் மாற்றுவாள். முதலில் தாமரையைச் சுற்றி இருந்தவை, பிறகு பாறை முதுகு, பிறகு கண்ணாடி. கை ஆடாமல் மூச்சைப் பிடித்து ஈர்க்கை இறக்குவது பலகை சுரண்டுவதைவிடக் கஷ்டமான வேலை என்று அவருக்குத் தெரிந்துபோனது. கூடவே ஜன்னத் பீவி கட்டிலிலிருந்து கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பாள். இந்தா மூலையில ஒண்ணு, குழாய்க்குக் கீழ ஒண்ணு, ஒங்க கண்ணுக்குக் கண்ணாடி வாங்கணும்ண்ணே. அவர் பதிலுக்கு, ஒனக்கு எலும்பு கூடிருச்சு ஆத்தா, வாய் மட்டும்தான் இன்னும் கூடல என்பார். அவள் சிரிப்பு வாசல் வரை கேட்கும். வேலை முடிந்தால் ஆளுக்கொரு வெற்றிலை. தொட்டிக்கும் கொடுத்தாச்சு, நமக்கும் ஆச்சு என்பாள். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, அவர் கரையில் வேலையில்லாததை மறந்துபோயிருந்தார்.

தாமரை மறுபடி தட்டு அகலத்துக்கு விரிந்தது. மீன் இரண்டும் வீடு திரும்பின.

பத்தை அவிழ்க்கிற நாளன்று வைத்தியர் காலை பஸ்ஸில் வந்தார். கட்டைப் பிரித்து, காலை மடக்கிப் பார்த்து, நட என்றார். ஜன்னத் பீவி அலாவுதீன் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்து, தொட்டிக்கு முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அன்று பார்த்துச் செபமாலையும் வந்துவிட்டார். பின்னாலேயே கரையிலிருந்து ஆறேழு பேர். அய்யாக்கண்ணு கைகட்டி ஓரமாக நின்றார்.

செபமாலை குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்ட, ஒவ்வொரு பாறையாகப் பார்த்தார். கண்ணாடியைச் சுற்றி வந்தார். மணலைப் பார்த்தார், ரப்பர் குழாயைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நிமிரப் போனவர் திரும்பவும் குனிந்தார். தாமரையின் காலடியில், பாறை மறைவில், ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு திட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். ஒவ்வொன்றும் ஊசித்தலை அளவுக்கு நின்று, தண்ணீர் அசையும்போது சேர்ந்து அசைந்தன.

"இது என்னண்ணே? சாதி மாறி முளைச்சிருக்கு," என்றார் செபமாலை.

அய்யாக்கண்ணு கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். நேற்று அசருக்குப் பார்த்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கும் போலிருக்கிறதே. கூடியிருந்தவர்களை அவர் பார்க்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை இழுத்து, ஈர்க்கு நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

பெரிய மீன் தாமரைக்குள்ளிருந்து அம்பு மாதிரி வந்தது. அவர் சுண்டுவிரலைக் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. ஐயோ என்று கையை இழுத்தார். ஈர்க்கு தண்ணீரில் மிதந்தது. வத்தை மேல் வத்தையாகச் சிப்பி குத்தியும் முகம் சுளிக்காத மனுஷன், விரல் நீள மீனுக்கு இரண்டு எட்டுப் பின்வாங்கினார். அவர் திரும்பவும் கிட்டே போக, அது திரும்பவும் கண்ணாடிக்கு வந்து அவரைப் பார்த்து முறைத்தது. சின்ன மீன் அந்தப் புள்ளிகளுக்கு மேலே நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது.

ஜன்னத் பீவி முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முட்டைண்ணே. காலையில போட்டுச்சு, நான் படுத்துக்கிட்டே பாத்தேன். ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னுதான் சொல்லல."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வீடே சிரித்தது. வைத்தியர் பஸ்ஸை மறந்து குனிந்து பார்த்தார். கடலில்தான் இது நடக்கும், வீட்டுக்குள் நடக்குமா என்று அலாவுதீன் எல்லாரையும் மாற்றி மாற்றிக் கேட்டார். பொன்னுத்தாய், தன் தண்ணீரின் ராசி என்றாள். நிம்மதியில்லாத வீட்டில் எந்தச் சீவனும் பிள்ளை பெறாது, அந்த மட்டுக்கு நம்ம தொட்டி சுத்தம் என்றாள் ஜன்னத் பீவி.

அய்யாக்கண்ணு இன்னும் முழுசாக நம்பவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, கடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஊசித்தலை ஒவ்வொன்றும் பாறையில் ஒட்டி வரிசையாக நின்றது. விரல் இல்லை, காம்பில்லை, பூ இல்லை. சின்ன மீன் வாயால் ஒவ்வொன்றாகத் தடவிச் சுத்தம் செய்தது. ஒன்றை விட்டு ஒன்று, அவசரமில்லாமல், இடுக்கெல்லாம் விடாமல். வேலை தெரிந்த மீன் என்று அவருக்குப் பட்டது.

செபமாலை தொண்டையைக் கனைத்தார். பெரிய வத்தையைக் காலையிலேயே கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருப்பதாகவும், சிப்பி மூன்று விரல் கனத்துக்கு ஏறியிருப்பதாகவும், வெயில் உறைக்கும் முன் அண்ணன் கை வைத்தால் நல்லது என்றும் மரியாதையாகச் சொன்னார்.

அய்யாக்கண்ணு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வத்தை எங்க போயிரப் போகுது? இரு, இந்த வரிசையை முடிக்கட்டும், வாரேன்."